சொந்த ஊர் எது?

நம் சங்கத்துக் குடும்பங்களிற் பல, மத்திய அரசாங்க உத்தியோகத்தை நம்பி டில்லிக்கு வந்தவை. அத்தகைய குடும்பம் ஒவ்வொன்றிலும் அலமாரியின் மேல்தட்டில் நூற்கயிறு கட்டிய கோப்பு ஒன்று இருக்கும். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், வீட்டு வாடகை ரசீதுகள் ஆகியவற்றுக்கிடையே பழைய ரயில் சீட்டுகளின் நகல்களும் அதில் சொருகப்பட்டிருக்கும். எல்.டி.சி. என்று நாம் வீட்டில் அழைத்துப் பழகிவிட்ட விடுப்புப் பயணச் சலுகைக்காகச் சேர்த்து வைத்த காகிதங்கள் அவை. எங்கள் வீட்டில் அத்தகைய கோப்புகள் இரண்டு. நாங்கள் இருவருமே அரசாங்க ஊழியர்கள். எங்களில் ஒருவர் காவிரிக் கரையினர்; கும்பகோணத்துக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூர்க்காரர். மற்றவர் பொருநைக் கரையினர், அம்பாசமுத்திரத்தைச் சார்ந்தவர். கணவனும் மனைவியும் ஊழியர்களாயிருப்பின் இருவரும் தத்தம் சொந்த ஊரைத் தனித்தனியே அறிவித்துக் கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. ஆகவே ஒரு வீட்டில் இரண்டு ஊர்கள், இரண்டு கோப்புகள்.

எங்களில் ஒருவர் 2024இல் ஓய்வு பெற்றுவிட்டார். மற்றவருக்கும் அந்நாள் நெருங்குகிறது. ஓய்வு பெற்றபின் இச்சலுகை இல்லை. கோப்புகளை ஒழுங்கு செய்து, வேண்டாதவற்றைக் கிழித்தெறியலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்தோம். ஒன்றைக்கூடக் கிழிக்க மனம் வரவில்லை. அதற்குக் காரணம் என்னவென்று எண்ணிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை. இளைய குடும்பங்களுக்குச் சிறிது உதவியாகவும் இருக்கக்கூடும் என்று எண்ணி எழுதுகிறோம்.

இச்சலுகை 1956இல் ஏற்பட்டது. தொலைவில் பணியாற்றும் ஊழியன் இரண்டாண்டுக்கு ஒரு முறையேனும் தன் ஊரைச் சென்று காண வேண்டும். அதற்கான ரயில் கட்டணத்தை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல கருத்துத்தான். புது டில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். அதற்கப்பால் கும்பகோணமோ திருநெல்வேலியோ செல்ல மற்றோர் இரவுப் பயணம். நான்கைந்து பேர் கொண்ட குடும்பம் போய்வர ஆகும் செலவு ஒரு குமாஸ்தாவின் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். இச்சலுகை இல்லாவிடில் நம்மிற் பலர் பெற்றோரின் முகத்தைத் திருமணத்துக்கும் சாவுக்கும் மட்டுமே கண்டிருப்போம்.

ஆனால் அரசாங்கத்தின் பணம் காகிதத்தின் வழியாகத்தான் வரும். பணியில் சேர்ந்த ஆறு மாதங்களுக்குள் சொந்த ஊர் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் 1993இலும் 1995இலும் அவ்வாறு எழுதிக் கொடுத்தோம். ஒரு நொடியும் யோசிக்கவில்லை. தாய் தந்தையர் இருக்கும் இடம், அஞ்சலட்டை போய்ச் சேரும் இடம், அதுவே ஊர் என்று எழுதினோம். அந்த ஒரு சொல்லைப் பின்னர் மாற்ற வேண்டுமாயின் பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் மாற்றலாம். அதற்கும் துறைத்தலைவரின் அனுமதி வேண்டும் என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டோம். சொந்த ஊர் மாறுவதாவது!

பயணத்துக்கு முன் விடுப்பு மனு; அதனுடன் யார் யார் போகிறார்கள் என்ற பட்டியல்; அவர்கள் நம்மையே முற்றும் சார்ந்தவர்கள் என்ற உறுதிமொழி. கட்டணத்தில் நூற்றுக்கு 90 வரை முன்பணம் தருவார்கள். முன்பணம் பெற்றால் பத்து நாட்களுக்குள் பயணச்சீட்டைக் காட்ட வேண்டும். ஊரிலிருந்து திரும்பிய ஒரு மாதத்துக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். தவறினால் முன்பணம் முழுவதையும் வட்டியுடன் பிடித்துக்கொள்வார்கள். முன்பணம் பெறாதவருக்கு மூன்று மாத அவகாசம். சென்ட்ரலில் இறங்கி எழும்பூருக்குப் போகும் ஆட்டோக் கூலி எந்த விதியிலும் அடங்காது. பெட்டி தூக்கியவருக்குக் கொடுத்ததும் அடங்காது. ரயில் இல்லாத ஊருக்குப் போகும் அரசுப் பேருந்துக் கட்டணம் அடங்கும். ஆனால் விரலகலமுள்ள அந்தப் பேருந்துச் சீட்டு சட்டைப் பையோடு சலவைக்குப் போய்விடாமல் டில்லி வரை வந்து சேர வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒரு முறையும் வந்து சேர்ந்ததில்லை.

2011இல் நடந்ததைச் சொல்லுகிறோம். காவிரிக் கரை அம்மா அப்பொழுது எங்களோடு டில்லியில் இருந்தார். அப்பா காலமானபின் அவரை அழைத்து வந்துவிட்டோம். பெற்றவர் ஒருவருக்கு, மாமியார் மற்றவருக்கு. ஆயினும் இருவருக்கும் அவர் அம்மாதான். அவ்வாண்டு கோடையில் அவரை ஊருக்கு அழைத்துச் சென்று திரும்பிக் கணக்கு ஒப்படைத்தோம். பத்தாம் நாள் அது திரும்பி வந்தது. பணிப்பதிவேட்டில் அம்மாவின் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. ரயில் சீட்டில் அந்த எழுத்து பெயருக்குப் பின்னால். வாக்காளர் அட்டையிலோ அவருடைய கணவரின் பெயரே முழுமையாகப் பின்னால் நின்றது. மூன்று காகிதங்களின்படி மூன்று பெண்மணிகள்! பயணம் செய்தவர் எவர் என்று அலுவலகம் கேட்டது.

தலைப்பெழுத்து என்பது நம்மவர் வழக்கம். குடும்பப் பெயர் என்ற ஒன்று நமக்கு இல்லை என்பதை வட நாட்டுப் படிவங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. நாங்கள் விளக்கம் எழுதினோம், திரும்பி வந்தது. மீண்டும் எழுதினோம், மீண்டும் வந்தது. முடிவில் பத்து ரூபாய் முத்திரைத்தாளில், இம்மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் உறுதி கூறிக் கொடுத்தோம். அம்மாவிடம் கையெழுத்து வாங்கியபோது அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் தாளைப் பார்த்தார்.

“நான்தான் நான்னு நான் எழுதிக் குடுக்கணுமா?” என்றார்.

“ஆமாம்மா, இங்கே அப்படித்தான்.”

“நல்ல ஊருப்பா!” என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

அப்பிரிவில் இருந்த குமாஸ்தா கடுவால் மலைநாட்டுக்காரர். விதியைத் தாண்டி ஓர் அங்குலமும் நகராதவர். ஆயினும் தீயவர் அல்லர். உங்கள் நாட்டில் தகப்பன் பெயர் முன்னால் வருமா, பின்னால் வருமா என்று அவர் எங்களைக் கேட்டார். முன்னால், ஒரே எழுத்தாக, என்றோம். அப்பனை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டீர்களே என்று வியந்தார். பிறகு அவரே பணிப்பதிவேட்டைக் கொண்டுவந்து, அம்மாவின் பெயரை அடையாள அட்டையில் உள்ளவாறே திருத்திக் கொடுத்தார். அதன்பின் அந்தத் தொல்லை இல்லை. வாசகர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம். பெயர் எல்லாக் காகிதங்களிலும் ஒன்றாக இருக்கட்டும். பயணத்துக்குப் பின் அல்ல, முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகக்கூடிய தொல்லைகளே. இனிச் சொல்லப்போவது அத்தகையதன்று.

சொந்த ஊர்ச் சலுகை இரண்டாண்டுத் தொகுதிகளாகக் கணக்கிடப்படுகிறது. 2016, 2017 ஆகிய ஆண்டுகள் ஒரு தொகுதி. 2018, 2019 அடுத்தது. 2017 மே மாதத்தில் அம்மாவை ஊருக்கு அழைத்துச் சென்று வந்துவிட்டோம். ஆகவே அத்தொகுதிக்குரியது தீர்ந்துவிட்டது. அவ்வாண்டு தீபாவளி கழிந்து நான்கைந்து நாட்கள் இருக்கும். இரவு உணவின்போது அம்மா, “ஒரு தடவை ஊருக்குப் போயிட்டு வந்துடலாமா?” என்று கேட்டார். ஐந்து மாதங்களுக்கு முன்புதானே போய்வந்தோம் என்றோம். ஆமாம் என்று தலையசைத்தார். சில நாட்கள் சென்றபின் மறுபடியும் கேட்டார். அம்மா எதையும் இருமுறை கேட்பவர் அல்லர். அதனை நாங்கள் அன்று கவனித்திருக்க வேண்டும்.

“ஜனவரி பிறந்தால் புதுத் தொகுதி வந்துவிடும். தை மாதம் எல்லாருமாகப் போகலாம்மா. பொங்கலுக்கு ஊரில் இருக்கலாம்” என்று சொன்னோம்.

அவருக்குத் தொகுதிக் கணக்கெல்லாம் தெரியும். இத்தனை ஆண்டுகளாக எங்களோடு இருந்தவர் அல்லவா? “சரி, தை பிறக்கட்டும்” என்றார்.

மார்கழி மாதம் முதல் வாரத்தில் அவருக்குச் சளி பிடித்தது. டில்லிக் குளிரில் எல்லார்க்கும் வருவதுதானே என்று இருந்தோம். அது நெஞ்சில் இறங்கியது. மருத்துவமனையில் ஆறு நாட்கள் இருந்தார். டிசம்பர் 23ஆம் நாள் விடியற்காலையில் காலமானார். புதுத் தொகுதி பிறக்க எட்டு நாட்கள் இருந்தன.

இதில் எந்த அலுவலகத்தின் மீதும் குற்றம் இல்லை. எந்த விதியும் அம்மாவை நிறுத்தி வைக்கவில்லை. சலுகை இல்லாமற் போனால் சொந்தப் பணத்தில் சீட்டு வாங்கக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. மூவர் போய்வரும் கட்டணம் எங்களால் கொடுக்க முடியாத தொகையும் அன்று. பையனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்ட வேண்டியிருந்தது, கையைக் கடிக்கும், அவ்வளவே. அரசாங்கம் தரும் ஒன்றை ஏன் விட வேண்டும் என்று எண்ணிவிட்டோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கணக்கிலேயே ஊருக்குப் போய்ப் பழகி, அந்தக் கணக்கில்லாமலும் ரயில் ஓடும் என்பதை மறந்துவிட்டோம். உதவியாக வந்தது எங்களை அறியாமலே எங்களுக்கு நாள் குறிக்கத் தொடங்கிவிட்டது.

யமுனைக் கரையில் நிகம்போத் கட்டத்தில் அம்மாவுக்கு எரியூட்டினோம். அஸ்தியை மட்டும் காவிரிக்குக் கொண்டு போவதென்று முடிவு செய்தோம். 2018 ஜனவரி முதல் வாரத்தில் ரயிலேறினோம். புதுத் தொகுதி பிறந்திருந்தது. துணியால் மூடிய சிறு கலசம் எங்கள் இருவருக்கும் இடையே இருக்கையில் இருந்தது. தமிழ்நாட்டில் அந்த வாரம் அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம். ஆகையால் கும்பகோணத்திலிருந்து வாடகைக் கார் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். பதினாறாம் நாள் காரியம் ஊரில் நடந்தது. காவிரியில் கரைத்துவிட்டுத் திரும்பினோம்.

டில்லிக்கு வந்தபின் கணக்கு ஒப்படைக்கும் படிவத்தை எடுத்தோம். பயணம் செய்த குடும்பத்தினர் பெயர், வயது, உறவு முறை என்று கட்டங்கள் இருந்தன. இரண்டு பெயர்களை எழுதினோம். மூன்றாவது கட்டத்தின் எதிரே பேனா சிறிது நேரம் நின்றது. வாடகைக் காரின் தொகையை எழுதவில்லை. தனியார் வண்டிக்குத் தர மாட்டார்கள். குடும்பப் பட்டியலிலிருந்து அம்மாவின் பெயரை நீக்குவதற்காக இறப்புச் சான்றிதழின் நகலும் இணைத்தோம். அந்தக் கடுவால் நாட்டு நண்பர் அதை வாங்கிப் பார்த்தார். ஏழாண்டுகளுக்கு முன் தம் கையாலேயே திருத்திய பெயர் அவருக்கு நினைவிருந்தது போலும். எழுந்து நின்று கைகூப்பினார். பிறகு அமர்ந்து, பதிவேட்டில் அப்பெயரின் மேல் அளவுகோலை வைத்து மெல்லிய கோடு ஒன்று இழுத்தார். அந்தக் கணக்கு ஒரு கேள்வியுமின்றி நிறைவேறியது. அவ்வளவு விரைவாக எங்களுக்கு எந்தக் கணக்கும் நிறைவேறியதில்லை.

அதன்பின் ஊரில் வீடு பூட்டியே கிடந்தது. 2023இல் உடன்பிறந்தார் கூடிப் பேசி விற்றுவிட்டோம். கூரை ஒழுகுகிறது, பார்ப்பதற்கு ஆள் இல்லை, வேறு வழியும் இல்லை. சென்னையில் தம்பி இருக்கிறார். எஞ்சிய சில ஆண்டுகளுக்குச் சொந்த ஊரைச் சென்னை என்று மாற்றிக்கொண்டால் இரண்டாவது ரயில் மிச்சம். அலைச்சலும் இல்லை என்று நண்பர்கள் கூறினார்கள். நியாயமான யோசனைதான். விதி நூலைப் புரட்டிப் பார்த்தோம்.

ஓர் இடம் ஊழியரின் சொந்த ஊர்தானா என்று கண்டறிய அதில் சில வினாக்கள் உள்ளன. வீட்டுக் கடமைகளுக்காகவும் சமூகக் கடமைகளுக்காகவும் அவர் அவ்வப்போது நேரில் அங்கே வர வேண்டியிருக்கிறதா? பணியில் சேர்ந்தபின் அவ்வாறு போய் வந்துள்ளாரா? அங்கே அவருக்கோ அவருடைய கூட்டுக் குடும்பத்துக்கோ குடியிருப்பு வீடு உண்டா? நெருங்கிய உறவினர் உளரா? பணியில் சேருமுன் சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்தாரா? முதற் கேள்வி பொருந்தாவிட்டால்தான் அடுத்ததற்குப் போக வேண்டுமாம்.

அன்றிரவு அந்தத் தாளை உணவு மேசையில் வைத்து விடை எழுதிப் பார்த்தோம். வீடு இல்லை. நெருங்கிய உறவினர் இல்லை. முன்பு வாழ்ந்தது உண்டு. கடமை? டில்லியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் மகள் அருகில் அமர்ந்து தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அங்கே நமக்கு யாருமில்லை. அப்புறம் என்ன கடமை?” என்று கேட்டாள். குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டாள். இருவரில் ஒருவருக்கும் விடை வரவில்லை. விடை தெரியாமல் உறுதிமொழியில் கையெழுத்திடுவது முறையன்று. ஆகவே மாற்றவும் இல்லை, மாற்றாமல் விடுவதென்று தீர்மானிக்கவும் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்று 2024 தொடக்கத்தில், ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், கடைசி முறையாக மனுப் போட்டோம்.

கும்பகோணத்தில் விடுதியில் அறை எடுத்துக்கொண்டு, பேருந்தில் ஊருக்குப் போனோம். சொந்த ஊருக்கு விடுதியிலிருந்து புறப்பட்டது அதுவே முதல் தடவை. வீட்டை வாங்கியவர்கள் ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டிருந்தார்கள். திண்ணை மட்டும் அப்படியே இருந்தது. குலதெய்வம் கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டுத் தெரு வழியே நடந்தோம். எதிர்வீட்டுப் பாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். வயது எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். எங்களைக் கூர்ந்து பார்த்தார்.

“டில்லித் தம்பியா? வாங்க. வாம்மா. அம்மா வரலியா?”

பாட்டிக்கு நினைவு தடுமாறுகிறது என்று அவருடைய மருமகள் உள்ளேயிருந்து வந்து மெல்லச் சொன்னார். பதினாறாம் நாள் காரியத்தன்று இதே பாட்டிதான் எங்களோடு ஆற்றங்கரை வரை நடந்து வந்து அழுதார். இப்பொழுது அது அவர் நினைவில் இல்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், “வரலை பாட்டி” என்றோம்.

“தை பிறந்ததும் வரேன்னு சொல்லியனுப்பினாளே” என்றார் பாட்டி.

அம்மா அவ்வாறு சொல்லி அனுப்பியிருந்தார் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. ஊர்க்காரர் எவரோ டில்லிக்கு வந்தபோது சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் சொன்ன நாளை அம்மா நம்பி, அதைத் தம் தோழிக்கும் தெரிவித்திருக்கிறார். அந்தத் தோழியோ ஆறு ஆண்டுகளுக்குப் பின்னும் வாசலில் காத்திருக்கிறார். மருமகள் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பாட்டியின் அருகே ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தோம்.

திரும்பும் வழியில் மகளின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று தோன்றியது. சொந்த ஊரை நாங்கள் மாற்றவில்லை. பொருநைக்காரரின் கோப்பிலும் அம்பாசமுத்திரமே இருக்கிறது. 2025 தைப் பொங்கலுக்கும் காவிரிக் கரைக்குப் போனோம். அது எங்கள் சொந்தப் பணத்தில். சலுகைக் கணக்கு எதிலும் சேராத பயணம் எங்களுக்கு அதுவே முதலாவது. பாட்டி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

இளைய அன்பர்களுக்கு இரண்டொரு சொல். இச்சலுகை உங்கள் உரிமை, அதை விட்டுவிடாதீர்கள். பெயர்களைச் சரி செய்து வையுங்கள். சீட்டு நகல்களைப் பயணம் முடிந்த அன்றே கோப்பில் சேருங்கள். ஒரு மாதக் கெடுவை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். சலுகைப் பயணத்தோடு பத்து நாள் ஈட்டிய விடுப்பைப் பணமாகவும் பெறலாம்; பணிக்காலம் முழுவதற்கும் அறுபது நாட்கள் வரை அது உண்டு; பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். இவையெல்லாம் காகிதத்தில் உள்ளவை, கற்றுக்கொண்டால் வந்துவிடும்.

ஆனால் வீட்டில் இருக்கும் முதியவர் ஊருக்குப் போகவேண்டும் என்று இருமுறை கேட்டால், தொகுதி எப்பொழுது தொடங்குகிறது என்று பாராதீர்கள். அன்றே சீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.